மறுகால் அடைபட்ட கண்மாய்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் சம்சாரிகளுக்கு ஒரு நியதி தெரியும்: கண்மாய்க்கு நீர் வரும் காலைப் போலவே, மிகைநீர் வெளியேறும் மறுகாலும் முக்கியம். மறுகால் அடைபட்டால் கரை கசியும், பிறகு உடையும். மூளைக்கும் இதுவே நியதி.

குருதி உடலைச் சுற்றி வருகிறது என்று ஹார்வி 1628இல் நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை 1661இல் தவளையின் நுரையீரலில் கண்டவர் மால்பிகி. மூளையின் தந்துகிகள் மிகக் குறுகியவை. சிவப்பணுக்கள் உடல் வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகவே அவற்றைக் கடக்கின்றன. அப்பால் உள்ள சிரை அடைபட்டால் அழுத்தம் பின்னோக்கி ஏறுகிறது. தந்துகிகள் கசிகின்றன, மூளை வீங்குகிறது, சில வேளை குருதி பீறிடுகிறது.

நம் ஊர்களில் பிள்ளை பெற்றவள் தலைவலி கண்டு, வலிப்பு வந்து, ஒரு பக்கம் கைகால் விழுந்துபோனால் 'சன்னி' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கிக் கிடந்தன. மூளைச் சிரையில் குருதி உறைவது அவற்றுள் ஒன்று. மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. ஸ்ரீனிவாசன், கருவுற்ற காலத்திலும் பேற்றுக்குப் பின்னும் மூளையின் சிரையிலோ தமனியிலோ குருதி உறைந்த 135 பேரைப் பற்றிய ஆய்வை 1983இல் வெளியிட்டார். சன்னிக்குள் மறைந்திருந்த நோய் அவ்வாறு மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது.

பேற்றின்போது குருதி வீணாகாதிருக்க, இயற்கையே அதன் உறையும் தன்மையைக் கூட்டிவைக்கிறது. 'பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது' என்று நாம் அவளைத் தாகத்தில் வைத்தபோது, அந்தக் குருதி மேலும் தடித்தது. அன்பினால் செய்த காவலே ஆபத்துக்குத் துணைபோயிற்று.

மருந்திலும் ஒரு முரண் உண்டு. மூளைக்குள் குருதி கசிந்திருக்கையில், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினைக் கொடுக்க மருத்துவர்கள் நெடுங்காலம் அஞ்சினர். 1991இல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்லும் அவருடைய குழுவினரும் இருபது பேரிடம் சோதித்தனர். மருந்து பெற்ற பத்துப் பேரில் எவரும் இறக்கவில்லை. பெறாத பத்துப் பேரில் மூவர் இறந்தனர். உடைந்த கரையை மட்டும் பார்த்தவர்களுக்கு, மறுகாலைத் திறக்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. கசிவு இருப்பினும் ஹெப்பாரின் கொடுப்பதே இன்றைய முறை.

முன்பு பெரிய ஆஸ்பத்திரி என்றால் நமக்கு மதுரைதான். 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆயினும் பிள்ளை பெற்றவளின் விடாத தலைவலியை முதலில் கேட்பவர்கள் வீட்டார்தாம். அதைச் சன்னி என்றோ குளிர்ச்சி என்றோ ஒதுக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்வதும், கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.