கல்சுவர் கேட்ட கதைகள்



அயர்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி மலைச்சரிவில் அமைந்த சிற்றூர் கில்ரியலிக். அங்கே வாழ்ந்தவர் ஷான் ஓ கொனில். 1853-ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு விவசாயமும் மீன்பிடிப்பும் தொழில். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை; ஆங்கிலம் பேசவும் தெரியாது. தாய்மொழியான ஐரிஷ் ஒன்றே அவருடைய மொழி. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர்களுக்கு அவர் ஓர் எழுத்தறிவில்லாத மனிதர். ஆனால் முன்னோர் வாய்வழியாகத் தந்த பழங்கதைகள் ஏராளமாக அவர் நினைவில் இருந்தன.

அந்தக் கடற்கரையில் கதை சொல்வது குளிர்கால வழக்கம். அறுவடை முடிந்தது முதல் மார்ச் மாத நடுப்பகுதி வரை, இரவில் ஒரு வீட்டு அடுப்பைச் சுற்றி ஊரே கூடும். கதைசொல்லி தொடங்குவார், மற்றவர்கள் கேட்பார்கள்.

அந்தக் கூட்டம் ஏன் கலைந்தது? 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, பெரும் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள்; ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறிப் போனார்கள். ஐரிஷ் மொழி பேசிய மேற்குக் கரைதான் அதிகம் அடிபட்டது. அமெரிக்காவில் பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்து விலக்கினார்கள். மொழி போனபோது, கதை கேட்கும் செவிகளும் போயின.

கேட்பார் இல்லாத முதியவர் என்ன செய்தார் தெரியுமா? மாடு மேய்க்கும்போது ஒரு கல்சுவரைப் பார்த்து, கைகளை அசைத்து, குரலை ஏற்றி இறக்கிக் கதை சொன்னார். அதை அவருடைய மகனே பார்த்திருக்கிறார். சந்தையிலிருந்து திரும்பும்போது, முன்னே போகும் வண்டியின் பின்பலகைக்குச் சொல்லிக்கொண்டே மேடேறுவார். இது பித்து அல்ல. சொல்லாமல் விட்டால் மறந்துபோகும் என்ற அச்சம்.

1923-ல் ஷேமஸ் ஓ டுயிலர்கா என்ற இளம் அறிஞர் அவரைத் தேடி வந்தார். அப்போது பெரியவருக்கு வயது 70. அந்த இளைஞர் திரும்பத் திரும்ப வந்து, அருகில் அமர்ந்து, சொல்லச் சொல்ல எழுதினார். 1931-ல் பெரியவர் இறந்தார். அவருடைய கதைகள் 1948-ல் நூலாக வெளிவந்தன.

1935-ல் அயர்லாந்து அரசு நாட்டுப்புறவியல் ஆணையம் ஒன்றை அமைத்தபோது, அதை வழிநடத்தியவரும் ஓ டுயிலர்காதான். ஆணையத்திடம் பணம் குறைவு. மெழுகு உருளையில் கதையைப் பதிவுசெய்து, தாளில் எழுதிய பிறகு, அதே உருளையைச் சுரண்டி மீண்டும் பயன்படுத்தினார்கள். அதனால் பலருடைய சொற்கள் நிலைத்தன, குரல்கள் நிலைக்கவில்லை. 1937 முதல் ஏறக்குறைய 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்களும் இந்தப் பணியில் சேர்ந்தார்கள். தாத்தா பாட்டியிடமும் அயலாரிடமும் கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். கல்சுவர் இருந்த இடத்தில் இப்போது பேரப்பிள்ளைகள் அமர்ந்தார்கள்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரியும் உண்டு. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஐரிஷ் நூல் ஒன்றில், கீல்டே என்ற முதிய வீரர் புனித பேட்ரிக்கைச் சந்திக்கிறார். அவருடைய தோழர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். அவர் சொல்லும் பழைய வீரர்களின் கதைகள் புனிதருக்கு இன்பம் தருகின்றன. ஆனால், நற்செய்தி அறியாத காலத்துக் கதைகளில் மனம் செலுத்தினால் செபத்துக்குக் குறை வருமோ என்று அவர் கலங்குகிறார். காவல் தூதர் இருவர் தோன்றி, அவற்றை எழுதிவைக்கச் சொல்கிறார்கள்; பிற்காலத்தவர் கேட்டு மகிழ்வார்கள் என்கிறார்கள். புனிதர் கீல்டேக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அவருடைய கதைகளையும் எழுதச் செய்தார். இது வரலாறு அல்ல, கதைதான். ஆனால் அதை எழுதிய தலைமுறை, மூத்தவர் சொல்வதைக் கேட்பது இறைப்பற்றுக்கு எதிரானது அல்ல என்று நம்பியது.

அன்புக்குரியவர்களே, ஓ கொனில் பெரியவரிடம் கதை குறையவில்லை. எதிரே அமர ஆள்தான் குறைந்தது. நம் வீட்டில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மூத்தவர் இருக்கலாம். ‘இதை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களே’ என்று எழுந்து போகாமல், இந்த வாரம் ஒருமுறை அவர் சொல்லி முடிக்கும்வரை அமர்ந்திருப்போம். முடிந்தால், ஒரு பிள்ளையின் கையில் குறிப்பேட்டையும் கொடுப்போம்.