பத்து தடவையும் ஒரே எண்

இன்று ஒரு கருவியின் வரலாறும், நான் வெகுநாளாகக் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும்.

நம் கோவை மோட்டார் ஊர். ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இங்கே செய்ததைத்தான் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்பார்கள். மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸ் குறைந்தால் கிணற்று மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். அதனால் எங்கள் லேபில் அதிர்வெண் அளப்பது முக்கியமான பாடம்.

அளக்கும் கருவி ஃப்ரீக்வென்சி கவுன்டர். ஒரு நொடி வாசலைத் திறந்து, உள்ளே எத்தனை அலை வருகிறது என்று எண்ணும். 50 ஹெர்ட்ஸுக்கு அது போதாது. ஓர் அலை கூடிக் குறைந்தாலே 2 சதவீதம் பிழை. அதனால் அலைக்கு ஆகும் நேரத்தை அளந்து, தலைகீழி எடுத்துச் சொல்லும் கவுன்டர்கள் வந்தன.

ஆரம்பத்தில் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கி, நோட்டில் எழுத வேண்டும். 1960-களின் கடைசியில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் கருவிகளைக் கேபிள் வழியே கணினியோடு பேச வைத்தது. 1975-இல் அது ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்ற பொதுத்தரம் ஆயிற்று. கேபிள் பொதுவானாலும் பாஷை பொதுவாகவில்லை. கம்பெனிக்கு ஒரு கட்டளை. 1990-இல் 'ஸ்கிப்பி' என்ற பொதுக் கட்டளைமொழி வந்த பிறகுதான் அந்தச் சிரமம் குறைந்தது.

அதற்குச் சில வருடம் கழித்து, ஒரு மாணவர் கணினி மூலம் அளந்து ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து அளவு. பத்தும் 49.32! அந்தக் காலத்துக் கரண்ட் பத்து நிமிடம் ஒரே எண்ணில் நிற்குமா? "பொய்க்கணக்கு எழுதறியா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன்.

"இல்லீங்க சார், கம்ப்யூட்டர்ல வந்ததைத்தானுங்க எழுதினேன்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. கையெழுத்துப் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அந்த புரோகிராமை நானே உட்கார்ந்து படித்தேன். 'ரீட்' என்று கேட்டால் கவுன்டர் புதிதாக அளந்து சொல்லும். 'ஃபெட்ச்' என்று கேட்டால் கடைசியாக அளந்ததை எடுத்துக் கொடுக்கும். முதல் தடவை மட்டும் ரீட், மற்ற ஒன்பதும் ஃபெட்ச். கவுன்டர் அளந்தது ஒரே ஒரு தடவை. லேபுக்கு அந்த புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதற்குள் அவர் படிப்பை முடித்துப் போய்விட்டார்.

கண்ணு, இதை நீ படித்தால், அன்று நீ சொன்னது உண்மை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

இப்போது லேபில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அளவு மாறாமலே வந்தால் பையனைத் திட்டுவதற்கு முன்னால் புரோகிராமில் ரீட் இருக்கிறதா, ஃபெட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.