எலும்பு சொல்லும் சேதி



புண்ணில் சீழ் பிடித்து எலும்புவரை இறங்கினால் எலும்பு வீங்கும். சீழ் வடிய ஓட்டை விழும். ஆள் இறந்து பல்லாயிரம் ஆண்டு ஆனாலும் அந்தத் தழும்பு எலும்பில் இருக்கும்.

போர்னியோத் தீவில், இந்தோனேசியப் பகுதியான கிழக்குக் காலிமந்தானில், லியாங் தெபோ குகையில் 2020-இல் ஓர் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார்கள். சுமார் 31,000 ஆண்டுப் பழமை. இடக்காலின் கீழ்ப்பகுதி இல்லை! சிறு வயதிலேயே வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் சீழ் பிடித்த அடையாளமே கிடையாது. எலும்பு நன்றாக ஆறியிருக்கிறது. அதன்பின் 6 முதல் 9 ஆண்டு வாழ்ந்து, 20 வயதளவில் இறந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி இல்லாத காட்டில், கூட இருந்தவர்கள் புண்ணைச் சுத்தமாகப் பார்த்துக்கொள்ளாமல் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே, "சின்னப் புண்ணுதானே, தானா ஆறிடும்"னு பிள்ளைகளை விட்டுடாதீங்க!