13 வரிசை, போடாத ஒரு வரிசை

உங்க போன்ல ஹாபிட் டிராக்கர் ஆப் ஏதாவது இருக்கா? காலையில 5 மணிக்கு எழுந்தாச்சு, டிக். உடற்பயிற்சி முடிச்சாச்சு, டிக். 10 பக்கம் படிச்சாச்சு, டிக். ஒரு நாள் விட்டுப்போனா அந்தக் கட்டம் மட்டும் காலியா நின்னு நம்மளை முறைக்கும்.

இந்தக் கட்டம் போடுற பழக்கம் ஏதோ ஸ்மார்ட்போனோட வந்ததுன்னு நாம நினைக்கிறோம். சுமார் 290 வருஷத்துக்கு முன்னாடியே, பிலடெல்பியாவுல ஒரு அச்சுக்கூட முதலாளி தன் கையாலேயே கோடு கிழிச்சு இதைச் செஞ்சிருக்கார். அவர் பேர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

தொழில் தொடங்குறவங்களுக்குப் பேசுற பேச்சுல இவர் பேர் அடிக்கடி வரும். ஆனா பெரும்பாலும் அவரோட டைம்டேபிளைக் காட்டிட்டு, "பாருங்க, 5 மணிக்கு எழுந்திருக்கார்"னு முடிச்சிடுவாங்க. இன்னைக்கு நாம அந்த நோட்டை நிதானமா புரட்டிப் பார்க்கலாம். அது அவருக்கு எங்க உதவுச்சு, எங்க உதவலைன்னு ரெண்டையும் பார்க்கலாம்.

ஓடி வந்த பையன்

ஃபிராங்க்ளின் 1706-ல பாஸ்டன்ல பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்யற தொழிலாளி. அந்த அப்பாவுக்கு மொத்தம் 17 பிள்ளைங்க. ஃபிராங்க்ளினுக்கு 10 வயசுல பள்ளிப் படிப்பு நின்னுபோச்சு. 12 வயசுல அண்ணன் ஜேம்ஸோட அச்சுக்கூடத்துல வேலை கத்துக்கப் போனார். அண்ணன் அடிப்பார், தம்பிக்குப் பொறுக்கல. 1723-ல, 17 வயசுல, சொல்லாம கொள்ளாம ஊரை விட்டு ஓடி பிலடெல்பியா வந்து சேர்ந்தார். கையில இருந்த காசு ரொம்பக் கொஞ்சம். வந்ததும் மூணு பென்ஸ் கொடுத்து மூணு பெரிய ரொட்டி வாங்கி, ஒண்ணைத் தின்னுக்கிட்டே தெருவுல நடந்தார்.

1728-ல ஒரு பார்ட்னரோட சேர்ந்து சொந்த அச்சுக்கூடம் ஆரம்பிச்சார். பார்ட்னரோட அப்பாதான் முதல் போடுறதா ஏற்பாடு. பாதி வந்துச்சு, மீதி வரல. கடன்காரங்க வழக்குப் போட்டாங்க. கடை மூடுற நிலைமை. அப்போ ராபர்ட் கிரேஸ், வில்லியம் கோல்மன்னு ரெண்டு நண்பர்கள், ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் தனித்தனியா வந்து பணம் தர்றேன்னாங்க. அந்தப் பணத்துலதான் கடை தப்பிச்சுது. இதை மனசுல வெச்சுக்கோங்க. "தன் முயற்சியால உயர்ந்த மனிதர்"னு உலகமே சொல்ற ஆளோட கதையில, முதல் நெருக்கடியிலேயே ரெண்டு பேர் கைகொடுத்திருக்காங்க.

அதுக்கப்புறம் நல்ல வளர்ச்சி. 1729-ல 'பென்சில்வேனியா கெசட்' பத்திரிகையை வாங்கினார். 1731-ல சந்தா கட்டிப் புத்தகம் எடுக்கிற நூலகம் ஒண்ணைத் தொடங்கினார். 1732 கடைசியில 'ஏழை ரிச்சர்ட்'ங்கிற பேர்ல வருஷ பஞ்சாங்கம் போட ஆரம்பிச்சார், அது சக்கைப்போடு போட்டுச்சு. கடைக்கு வாங்கின காகிதத்தை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில வெச்சு அவரே தெருவுல தள்ளிக்கிட்டு வருவாராம். உழைப்பாளியா இருக்கிறது மட்டும் போதாது, நாலு பேர் கண்ணுக்கும் அப்படித் தெரியணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அதைப் பின்னாடி வெளிப்படையாவே எழுதியும் வெச்சார்.

நோட்டு எப்படி இருந்தது?

30 வயசு ஆகறதுக்குள்ளயே அவருக்கு ஒரு பேராசை வந்தது. குறையே இல்லாத மனுஷனா ஆகிடணும்! சும்மா நினைச்சா நடக்காதுன்னு புரிஞ்சதும், அச்சுக்கூடக்காரர் இல்லையா, அதை ஒரு படிவமா மாத்தினார்.

சாப்பாட்டுலயும் குடியிலயும் அளவு, வீண்பேச்சு பேசாம இருக்கிறது, ஒழுங்கு, தீர்மானம், சிக்கனம், உழைப்பு, உண்மை, நீதி, மிதம், சுத்தம், மன அமைதி, கற்பொழுக்கம், பணிவு. மொத்தம் 13. ஒவ்வொரு பக்கத்துலயும் வாரத்தின் 7 நாளுக்கு 7 கட்டம் மேலேருந்து கீழே, 13 குணத்துக்கு 13 வரிசை. ராத்திரி உட்கார்ந்து, எதுல சறுக்கினாரோ அந்தக் கட்டத்துல ஒரு கறுப்புப் புள்ளி.

இங்க ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. நம்ம ஆப்ல செஞ்சதுக்கு டிக். அவர் நோட்டுல தவறினதுக்குப் புள்ளி. நல்ல வாரம்னா பக்கம் வெள்ளையா இருக்கும்.

13-ஐயும் ஒரே நேரத்துல பிடிக்கவும் இல்ல. ஒரு வாரத்துக்கு ஒரு குணம்தான் முக்கியம். மத்ததுக்குப் புள்ளி மட்டும் வெச்சுட்டுப் போயிடுவார். தோட்டத்துல களை எடுக்கிறவர் எல்லாப் பாத்தியிலயும் ஒரே நாள்ல கைவைக்க மாட்டார், ஒவ்வொரு பாத்தியா முடிப்பார். அதுதான் அவர் சொன்ன உதாரணம். 13 வாரத்துல ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. சாப்பாட்டுல அளவு ஏன் முதல்ல? தலை தெளிவா இருந்தாத்தான் மத்த 12-ஐயும் கவனிக்க முடியும்னு கணக்கு.

புள்ளி வெச்சு, அழிச்சு, மறுபடி வெச்சு, காகிதம் ஓட்டையாப் போச்சு. அதனால தந்தத் தகடு வெச்ச குறிப்பேட்டுக்கு மாறினார். சிவப்பு மையில நிரந்தரமா கோடு, பென்சில்ல புள்ளி, ஈரப் பஞ்சால துடைச்சா போயிடும். நம்ம ஸ்லேட்டு மாதிரி.

முதலாளிக்கு டைம்டேபிள் நிக்காது

பேச்சாளர்கள் காட்டுற அந்த டைம்டேபிள் இந்த நோட்டோட ஒரு பக்கம்தான். 'ஒழுங்கு'ங்கிற குணத்துக்காகப் போட்டது. காலை 5 மணிக்கு எழுந்து, இன்னைக்கு என்ன நல்லது செய்யலாம்னு யோசிக்கணும். 8 முதல் 12 வரை வேலை. 2 மணி வரை சாப்பாடு, படிப்பு, கணக்குப் பார்க்கிறது. மறுபடி 6 வரை வேலை. அப்புறம் சாமானை எடுத்த இடத்துல வைக்கிறது, சாப்பாடு, இசை, பேச்சு. படுக்கப் போகும்முன்னாடி அன்னைக்கு என்ன நல்லது செஞ்சோம்னு பார்க்கிறது. ராத்திரி 10 முதல் 5 வரை தூக்கம். ஏழு மணி நேரம் முழுசா. 4 மணி நேரத் தூக்கத்தைப் பெருமையா பேசுறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆனா யாரும் அதிகமா சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த டைம்டேபிளை அவரால காப்பாத்தவே முடியல. 13 குணத்துல தன்னை ரொம்பப் பாடுபடுத்தினது 'ஒழுங்கு'தான்னு அவரே எழுதியிருக்கார். காரணமும் சொல்றார்: அச்சுக்கூடத்துல கூலிக்கு வேலை பார்க்கிறவருக்கு இந்த மாதிரி அட்டவணை சரிப்பட்டு வரலாம். கடை முதலாளி வாடிக்கையாளர் வர்ற நேரத்துக்குத்தான் ஆடணும்.

தொழில் நடத்துறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! கிளையன்ட் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டு உங்க அட்டவணை கலைஞ்சா, உங்ககிட்ட மன உறுதி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. வேலையோட சுபாவமே அது.

இதுக்கு அவர் ஒரு கோடாலிக் கதை சொல்வார். ஒருத்தர் கொல்லர்கிட்ட கோடாலி வாங்கினார். முனை மட்டும் இல்லாம முழுக் கோடாலியும் பளபளன்னு இருக்கணும்னார். கொல்லர் சொன்னார், நீங்க சாணைச் சக்கரத்தைச் சுத்துங்க, நான் தீட்டித் தர்றேன்னு. சுத்திச் சுத்திக் கை ஓய்ஞ்சுபோச்சு. கடைசியில அந்த ஆள், புள்ளி புள்ளியா இருக்கிற கோடாலிதான் தனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டார். ஃபிராங்க்ளின் இந்தக் கதையில தன்னையேதான் கிண்டல் பண்றார். குறையோட வாழக் கத்துக்கிறதுக்கும், குறைக்குச் சாக்கு சொல்றதுக்கும் நடுவுல ரொம்ப மெல்லிசான கோடுதான்னு அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் அவர் எழுதினது 1784-ல, பாரிஸுக்குப் பக்கத்துல இருந்தப்போ, தன் 79-வது வயசுல. குறையில்லாத மனுஷனா ஆகல, ஆனா முயற்சி பண்ணாம இருந்திருந்தா இவ்வளவுகூட ஆகியிருக்க மாட்டோம்னுதான் அவரோட கணக்கு. எனக்கு அது நேர்மையான கணக்காத்தான் படுது.

13-வது வரிசை எங்கேருந்து வந்தது?

அவர் முதல்ல எழுதின பட்டியல்ல 12 குணம்தான் இருந்தது. ஒரு குவேக்கர் நண்பர் அதைப் பார்த்துட்டு, உங்களுக்குத் தலைக்கனம் ஜாஸ்தின்னு ஊர்ல பேசிக்கிறாங்கன்னு பக்குவமா சொன்னார். வாக்குவாதத்துல ஜெயிச்சா மட்டும் போதாது, எதிராளியை மட்டம் தட்டினாத்தான் உங்களுக்குத் திருப்தின்னு சொல்லி, நடந்த சம்பவங்களையும் எடுத்துக் காட்டினார். அப்படித்தான் 'பணிவு' சேர்ந்தது.

எனக்கு இந்த முழுக் கதையிலயும் முக்கியமான இடம் இதுதான். தன்னைத்தானே இவ்வளவு கறாரா ஆராய்ஞ்ச மனுஷன், 12 குணத்தை யோசிச்சு எழுதினவர், தன்னோட மிகப்பெரிய குறையைப் பட்டியல்லயே சேர்க்கல. ஏன்னா அது அவர் கண்ணுக்குத் தெரியல. இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருந்தது.

நோட்டு ரொம்ப நல்ல கருவிதான். ஆனா நீங்க எதுக்கு வரிசை போட்டிருக்கீங்களோ அதை மட்டும்தான் அது காட்டும்.

போடாத வரிசை

அவர் பட்டியல்ல எட்டாவது குணம் நீதி. யாருக்கும் கெடுதல் செய்யக்கூடாது, செய்ய வேண்டிய நன்மையை விட்டுடவும் கூடாதுங்கிறதுதான் அவர் அதுக்குக் கொடுத்த விளக்கத்தோட சாரம். அதே காலத்துல அவரோட 'கெசட்'ல அடிமைகள் விற்பனைக்குன்னு விளம்பரம் வந்தது. தப்பி ஓடின அடிமையைப் பிடிச்சுத் தரச் சொல்லியும் விளம்பரம் வந்தது. அந்தக் காசும் அவர் கல்லாவுலதான் விழுந்தது. அவர் வீட்டுலயும் அடிமைகள் இருந்தாங்க. 1757-ல லண்டன் போனப்போ பீட்டர், கிங்னு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனார். அங்க கிங் தப்பி ஓடிட்டார். அண்ணன்கிட்டேருந்து ஓடி வந்து வாழ்க்கையைத் தொடங்கின ஃபிராங்க்ளின் வீட்டுலேருந்தே இன்னொருத்தர் ஓட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அடிமை வெச்சிருக்கிறவங்களைக் கடுமையாத் திட்டி பெஞ்சமின் லே எழுதின புத்தகம் 1737-ல வந்தது. அதை அச்சடிச்சது ஃபிராங்க்ளினோட அச்சுக்கூடம்தான். எழுத்து எழுத்தா அவர் கடையிலேயே கோர்த்த புத்தகம்.

மனைவி டெபோராவையும் பாருங்க. கடையைக் கவனிச்சது, புத்தகம் மடிச்சுத் தைச்சது, காகிதம் செய்யப் பழைய துணி வாங்கிச் சேர்த்தது எல்லாம் அவங்கதான். 1764 கடைசியில லண்டன் போன கணவர் அவங்க உயிரோட இருந்தவரை திரும்பல. கடல் பயணத்துக்குப் பயந்து அவங்களும் போகல. 1774-ல இறந்துட்டாங்க. சிக்கனம், உழைப்புன்னு நோட்டுல வெள்ளையா இருந்த கட்டங்கள்ல எத்தனை இந்த அம்மாவோட உழைப்புல வெள்ளையா இருந்ததோ!

அடிமை விஷயத்துல அவரை மாத்தினது இந்த நோட்டு மாதிரி எனக்குத் தெரியல. 1751-ல எழுதின ஒரு கட்டுரையில, அடிமைகள் இயல்பிலேயே திருடுவாங்கங்கிற மாதிரி எழுதியிருந்தார். 1763-ல பிலடெல்பியாவுல கறுப்பினக் குழந்தைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு நேர்லயே போய்ப் பார்த்தார். அவங்க திறமையைப் பத்தித் தான் வெச்சிருந்த மதிப்பு உயர்ந்துடுச்சுன்னு கடிதம் எழுதினார். 1769-ல அந்தப் பழைய கட்டுரை மறுபதிப்பு வந்தப்போ வாசகத்தைத் திருத்தினார்: திருட்டு அந்த மனுஷங்களோட இயல்பு கிடையாது, அடிமைத்தனத்தோட இயல்புன்னு. சில சொல் மட்டும்தான் மாறுச்சு, ஆனா பழி இடம் மாறிடுச்சு.

அதுக்கப்புறமும் ரொம்ப காலம் எடுத்துக்கிட்டார். 1787-லதான் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில அடிமைமுறையை ஒழிக்கக் கேட்டு அமெரிக்க காங்கிரஸுக்குப் போன மனுவுல அவர் கையெழுத்து இருந்தது. காங்கிரஸ் ஏத்துக்கல. ரெண்டு மாசம் கழிச்சு, ஏப்ரல் 17-ல, 84 வயசுல இறந்துட்டார்.

நமக்கு என்ன?

டிராக்கரைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்ல வரல. வாரத்துக்கு ஒரு குணம், ராத்திரி அஞ்சு நிமிஷம், இன்னைக்கும் வேலை செய்யற முறை அது. நான் சொல்ல வர்றது, கடைசியில ஒரு வரிசையைக் காலியா விடுங்கங்கிறதுதான்.

அதை எப்படி நிரப்புறது? ரெண்டு வழி இந்தக் கதையிலேயே இருக்கு. ஒண்ணு, உங்களுக்குச் சமமான ஒருத்தர்கிட்ட கேளுங்க. அந்த குவேக்கர் நண்பர் ஃபிராங்க்ளின்கிட்ட சம்பளம் வாங்கினவர் கிடையாது, அதனாலதான் அவரால உண்மையைச் சொல்ல முடிஞ்சது. உங்க டீம்ல இருக்கிற பொண்ணுகிட்டயோ பையன்கிட்டயோ "நான் எப்படி?"ன்னு கேட்டா, "சூப்பர் சார்", "சூப்பர் மேடம்"னுதான் பதில் வரும்.

ரெண்டு, உங்களுக்குக் கீழ இருக்கிறவங்க விஷயத்துல கேட்கிறதைவிட நேர்ல போய்ப் பாருங்க. டெலிவரி பண்ற தம்பி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறார்? ஆபீஸைப் பெருக்குற அக்காவுக்குச் சம்பளம் எத்தனாம் தேதி கைக்குப் போகுது? நீங்க 5 மணிக்கு எழுந்து நிம்மதியா புத்தகம் படிக்கிறப்போ வீட்டுல அடுப்படியில நிக்கிறது யாரு?

இதுல ஒரு கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, உங்க 14-வது வரிசை அதுதான். இந்த வாரம் அதுலேருந்து தொடங்குங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.