தராசு பேசட்டும்

காரைக்கால்ல இருந்து தரங்கம்பாடி பக்கமா போனா, எல்லை தாண்டுறதுக்கு முன்னாடி பூவம் வரும். நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சி. நடந்தே போய் வேற சட்டத்துக்குள்ள நுழைஞ்சிடலாம்.

இப்படி ஒரு எல்லையை நம்பித்தான் 1908-ல பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரி போனார். 'இந்தியா' வார இதழ் அங்கிருந்து வந்தது. ஆனா வாசகர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்! பிரிட்டிஷ் அரசு பத்திரிகையை உள்ளே விடலை. 1910-ல அது நின்னுபோச்சு.

அப்புறம்? இன்னைக்கு ஃப்ரீலான்ஸ்னு சொல்றோமே, அந்தப் பிழைப்புதான். 1904-ல எந்த 'சுதேசமித்திரன்' ஆபீஸ்ல உதவி ஆசிரியரா உட்கார்ந்தாரோ, அதுக்கே வெளியில இருந்து எழுதி அனுப்பினார். 1910 பத்திரிகைச் சட்டப்படி, அரசுக்குப் பிடிக்காததை அச்சடிச்சா ஜாமீன் பணம் பறிபோகும். அதாவது, எழுதுறவர் பாண்டிச்சேரியில, மாட்டுறவர் சென்னையில.

இந்த நெருக்கடியில வந்ததுதான் 'தராசு'. ஒரு கடை, அதுல பேசுற தராசு, கேள்வியோட வர்ற ஆட்கள். தீர்ப்பு சொல்றது தராசு, எழுதுறவர் வெறும் கடைக்காரர். எனக்கு இதுல பிடிச்சது, நீட்டி முழக்குற முன்னுரையே தேவைப்படாது. ஆள் படியேறினதும் விஷயம் ஆரம்பம். அடுத்த தடவை வேற ஆள், வேற விஷயம், அதே கடை.

1918 நவம்பர்ல பாரதியார் எல்லையைத் தாண்டினார். கடலூர் பக்கத்துல கைது. டிசம்பர்ல விட்டாங்க, நிபந்தனையோட: எதை வெளியிடணும்னாலும் முதல்ல போலீஸ் படிக்கணும்.