வீட்டு வலையமைப்புச் சேமிப்பகம்: வன்பொருள் தேர்வு

வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவை ரவுட்டர் வழியே பொதுவாக அணுகும்படி, வன்தட்டுகளைத் தாங்கி நாள் முழுதும் இயங்கும் சிறு கணினியே வீட்டு வலையமைப்புச் சேமிப்பகம். கடை வழக்கில் இதன் பெயர் நாஸ். புகைப்படங்கள், காணொளிகள், மடிக்கணினியின் காப்புப் படிகள் ஆகியவையே இதில் பெரும்பாலும் சேர்கின்றன. கோப்பை எடுத்துக் கொடுப்பதற்குப் பெரிய செயலி தேவையில்லை. ஆயினும் முதன்முதலாக அமைப்பவர்கள் செயலியில் தொடங்கி, மிஞ்சிய பணத்தில் வன்தட்டு வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது.

முதலில் கணக்கிட வேண்டியது கொள்ளளவு. 4 டெராபைட் என்று விற்கப்படும் வன்தட்டை விண்டோஸ் சுமார் 3.6 என்றே காட்டும். உற்பத்தியாளர் ஆயிரத்தின் அடுக்குகளிலும், இயங்குதளம் 1,024இன் அடுக்குகளிலும் எண்ணுவதே காரணம். அடுத்து, ஒரு வன்தட்டு பழுதானாலும் தரவு நிற்கும்படி அமைக்கும் ரெய்டு முறைக்கு இடம் ஒதுக்க வேண்டும். பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறை வகுக்கப்பட்டது. ரெய்டு 1இல் இரண்டு வன்தட்டுகளிலும் ஒரே தரவு எழுதப்படுவதால் பாதி இடமே பயன்படும். ரெய்டு 5க்குக் குறைந்தது மூன்று வேண்டும். ஒன்றின் அளவு கழியும். முதல் அமைப்புக்கு இரண்டு பெரிய வன்தட்டுகளும் ரெய்டு 1உம் போதும். இரண்டு இடங்கள் காலியாக உள்ள பெட்டியை வாங்கிவிட்டால் பிறகு விரிவாக்குவதும் எளிது.

வன்தட்டின் எழுத்துமுறையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. எஸ்.எம்.ஆர். வகையில் தரவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி அமைகின்றன. அதனால் ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் மறுபடி எழுத நேர்கிறது. பழுதான வன்தட்டுக்குப் பதில் புதியது பொருத்தி ரெய்டை மீட்டமைக்கும்போது, மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதும் நிலையில் இவ்வகை மிகவும் தளர்ந்துவிடும். நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் எஸ்.எம்.ஆர். என்பது 2020இல்தான் வெளிப்பட்டது. அதன்பின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். மாதிரிகளுக்கு ரெட் பிளஸ் என்ற பெயர் வந்தது. சீகேட் அயர்ன்வுல்ஃப், டோஷிபா என்300 ஆகியவையும் சி.எம்.ஆர். வகையே. விலை மலிவு என்று மேசைக் கணினி வன்தட்டை வாங்குபவர் மாதிரி எண்ணை உற்பத்தியாளரின் விவரத்தாளுடன் ஒப்பிட்டே தீர வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை வழிகள் மூன்று. சினாலஜி, கியூநாப் போன்றவற்றின் ஆயத்தக் கருவிகளில் மென்பொருளும் சேர்ந்தே வரும். கணினி நுட்பத்தில் ஆர்வமில்லாத வீட்டுக்கு இதுவே பொருத்தம். ஆனால் உற்பத்தியாளரின் விதிகளுக்கும் உட்பட நேரும். சினாலஜி 2025ஆம் ஆண்டின் பிளஸ் வரிசையில் தன் அங்கீகாரம் பெறாத வன்தட்டுகளைக் கட்டுப்படுத்தி, அதே ஆண்டில் அதைத் தளர்த்தியது. இரண்டாவது வழி, வீட்டில் கிடக்கும் பழைய மேசைக் கணினியில் ஓப்பன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளை நிறுவுவது. கைச்செலவு குறைவு, மின்செலவு தொடரும். சராசரியாக 50 வாட் இழுக்கும் கருவி ஆண்டுக்கு 438 யூனிட் எடுக்கும். 20 வாட் கருவிக்கு 175 யூனிட்தான். மூன்றாவது, இன்டெல் என்100 போன்ற குறைமின் செயலி கொண்ட புது மதர்போர்டு. 2023இல் வந்த இச்செயலியில் நான்கு கருக்கள் உண்டு. காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றும் சுற்றும் உள்ளேயே இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் யு.எஸ்.பி. வழியே வன்தட்டுகளை இணைப்பது பழகிப் பார்க்க ஏற்றது; ரெய்டுக்கு அந்த இணைப்பை நம்ப முடியாது.

ரேம் 8 ஜிபி போதும். ட்ரூநாஸின் குறைந்தபட்ச அளவும் அதுவே. பிழைதிருத்தும் இ.சி.சி. ரேம் நல்லதுதான், ஆனால் வீட்டுக்குக் கட்டாயமில்லை. கிகாபிட் ஈதர்நெட்டில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் கிடைக்கும். ஒற்றை வன்தட்டே அதைத் தாண்டும் என்பதால், பெரிய காணொளிகளைக் கையாள்பவருக்கு 2.5 கிகாபிட் இணைப்பு பயன் தரும். ரவுட்டரோ சுவிட்சோ அதே வேகத்தில் இல்லாவிட்டால் அச்செலவு வீண். மின்வழங்கியைக் கணக்கிடும்போது, 3.5 அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும் என்பதைச் சேர்க்க வேண்டும். மின்வெட்டு உள்ள ஊர்களில், யு.எஸ்.பி. வழியே சேதி அனுப்பிக் கருவியை முறையாக அணைக்கச் செய்யும் யு.பி.எஸ். அவசியம்.

ரெய்டு வன்தட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு வன்தட்டுகளிலும் ஒருசேர அழியும். திருட்டு, தீ, ரான்சம்வேர் ஆகியவற்றுக்கும் அது மருந்தன்று. எனவே முக்கியக் கோப்புகளின் படியைத் தாங்க, கழற்றி வேறிடத்தில் வைக்கும் வெளி வன்தட்டு ஒன்றின் விலையையும் தொடக்கச் செலவுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.