மாந்தை மேட்டுக் கலவோடுகள்

மாதோட்டம் என்றதும் தமிழ் கற்றோர்க்குச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமே நினைவில் எழும். கோயிலைச் சூழ்ந்து கிடக்கும் மண்மேடு, இரட்டை அகழியுடன் விளங்கிய பழந்துறைமுக நகரம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இலங்கையின் மன்னார்ப் பகுதியிலுள்ள அந்நகரே மாந்தை. (சங்கப் பாடல்கள் கூறும் சேரர் மாந்தை வேறு, பெயரொற்றுமை கொண்டு இரண்டையும் மயக்குதல் கூடாது.)

இம்மேட்டில் ஜான் கார்ஸ்வெல் முதலானோர் 1980 முதல் 1984 வரை அகழாய்வு நிகழ்த்தினர். சீனக் கலவோடுகளுடன், பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து வந்த இசுலாமியர் காலக் கலவோடுகளும் வெளிப்பட்டன. அவற்றுள் நீலப்பச்சை மெருகு தடித்துப் படிந்த பெருஞ்சாடிகளின் ஓடுகள் குறிப்பிடத்தக்கவை. அச்சாடிகள் அழகுப் பொருள்கள் அல்ல. சரக்கு நிறைத்துக் கப்பலேற்றப்பட்டவை. கல்வெட்டுகள் கூறாது விட்ட வணிகத்தை அவை கூறுகின்றன.

ஆயின் ஓட்டில் ஆண்டு எழுதப்பட்டிருப்பதில்லை. அதன் காலத்தை அறிய, அது கிடந்த மண்ணடுக்கும், காலம் தெரிந்த பிறிதோரிடத்தில் கிடைத்த அதே வகைக் கலமும் துணையாக வேண்டும். சீனத்துப் பூசௌ நகரருகே, 930இல் மறைந்த லியூ ஹுவா என்னும் அரசியின் கல்லறையில் இத்தகைய நீலப்பச்சைச் சாடிகள் மூன்று கிடைத்தமை அவ்வாறு ஓர் அளவுகோலாயிற்று. மற்றோர் அளவுகோல், அப்பாசியக் கலீபாக்கள் 836இல் தலைநகராக்கிய ஈராக்கின் சாமர்ரா. அங்கு 1911 முதல் 1913 வரை செருமானியர் அகழ்ந்தெடுத்த பொருள்கள் முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் கைப்பட்டு இலண்டன் சென்றன; பின்னர்ப் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. ஒருங்கே வைத்து ஆராய வேண்டியவை நாடுதோறும் சிதறின.

மாந்தையிலும் போரே குறுக்கிட்டது. 1983இல் மூண்ட உள்நாட்டுப் போரால் 1984உடன் பணி நின்றது. முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல்! ஓட்டைப் பெட்டியில் பூட்டிக் காத்துவிடலாம். அது கிடந்த அடுக்கைக் குறிப்பேடும் வரைபடமுமே காக்க இயலும். ஒருமுறை அகழ்ந்த அடுக்கை மறுமுறை அகழ முடியாது. அறிக்கை வெளிவராத முப்பதாண்டும் அந்த ஓடுகள் பாதி ஊமைகளாகவே கிடந்தன எனல் மிகையன்று.

போர் ஓய்ந்தபின் 2009–2010இல் மீண்டும் அகழாய்வு நிகழ்ந்தது. மண்ணை நீரில் அலசியபோது கருகிய மிளகும் கிராம்பும் கிடைத்தன. கிராம்பு கீழ்த்திசை மலுக்குத் தீவுகளின் விளைபொருள். மிளகோ நம் மேற்குமலைச் சரக்கு. நாஞ்சில் நாட்டுக்கு அணித்தேயுள்ள விழிஞத்து அகழாய்விலும் மேலையாசியக் கலவோடுகள் கிடைத்துள்ளன. அவற்றை மாந்தை அடுக்குகளோடு ஒப்பிடும் பணியை நம் பகுதி ஆய்வு மாணவர் ஒருவர் மேற்கொள்வாராக.